சுவரோரம் ஒரு கோல்

"ஆத்தா, நம்மை ஏமாத்திட்டாங்க" என்றான் நாச்சிமுத்து.

வேலாத்தா உளியைக் கீழே வைக்கவில்லை. கல் கொத்துகிறவள். அவனைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் ஆற்றங்கரையின் எண்பது குடிகளும் அவளைக் கேட்டுத்தான் நடந்தார்கள்.

"ஏமாத்தறது அவங்க தொழில். இன்னைக்கு என்ன புதுசு, சொல்லுங்கண்ணா."

போன ஐப்பசி வெள்ளம் மூன்று குழந்தைகளைக் கொண்டுபோயிருந்தது. பதினோரு வருஷம் மனு எழுதி, ஓர் அறுவடையை நிறுத்திய பிறகு, பண்ணையார் தன் பழைய தோப்பைக் கொடுத்தார். நாற்புறமும் கல் சுவர். உள்ளே எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம். வெளியே ஒரு முளை அடித்தாலும் தோப்பு திரும்பப் போய்விடும்.

அடுத்த ஐப்பசிக்குள் தோப்பின் மிக உயர்ந்த இடத்தில் குழந்தைகளுக்கு ஒரு கொட்டகை போட வேண்டும். இடம் பார்க்கும் வேலை நாச்சிமுத்துவுடையது. மட்டம் பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைப்பான். எந்தப் பக்கமும் சாயாமல் நின்றால் அது மட்டம். உச்சி என்றால் அங்கே தரை மட்டமாகத்தான் இருக்கும் என்பது அவன் கணக்கு.

"மூணே எடத்துலதான் தண்ணி சாயாம நிக்குது, ஆத்தா. ஒண்ணு பள்ளம். அங்க பனைமரத்துல வெள்ளக் கறை ஆளுயரம் இருக்கு."

"அடுத்தது?"

"கழுதை முதுகு மாதிரி. முன்னாலயும் பின்னாலயும் ஏறுது, ரெண்டு விலாவுலயும் இறங்குது."

"அதுல குடியேறினா உதைதான் கிடைக்கும். மூணாவது?"

"நடுத்தோப்பு மேடு. அங்க நின்னு எந்தப் பக்கம் கால் வெச்சாலும் இறக்கம்."

"அப்ப அங்க போடுங்க."

"அங்க வேப்பமரத்துல கறை முழங்கால் உயரம். கைக்குழந்தையை எங்க படுக்க வைக்கறது? அதுக்கு மேல இந்தத் தோப்புல எடமே இல்ல. தூக்கி அவங்க மூஞ்சியில வீசிட்டு, வேற நிலம் கேப்போம்."

"கேக்கலாம். இன்னொரு பதினோரு வருஷம்."

வேலாத்தா உளியை வைத்தாள்.

"தட்டு வைக்காத எடம் எது?"

"எல்லா எடத்துலயும் வெச்சேன்."

"சுவரோரம்?"



பண்ணையார் சுவரைக் குடிகள் யாரும் தொடக் கூடாது; ஒரு கோல் தூரம் தள்ளித்தான் நடப்பார்கள். அவன் அப்பாவும் அப்படித்தான். ஒரே ஒரு நாள் சுவரில் சாய்ந்து இளைப்பாறியதற்கு அவர் முதுகில் விழுந்த தழும்புகளை நாச்சிமுத்து சின்ன வயதில் விரலால் எண்ணியிருக்கிறான்.

"அங்க தரை சாய்வு, ஆத்தா. தண்ணி நிக்காது. சாயற எடம் எப்படி உச்சியாகும்?"

"நல்ல கேள்விதான். சுவரைக் கேளுங்க. வெள்ளக் கறைமேல கையை வெச்சு, எடுக்காம சுத்தி வாங்க."

இருவரும் தோப்பின் கிழக்குச் சுவர் வாசலிலிருந்து கிளம்பினார்கள். நாச்சிமுத்து முதலில் விரல் நுனியால் மட்டும் தொட்டான். பிறகு கல் வெறும் கல்லாக இருந்தது.

வண்டல் கறை இடுப்பில் தொடங்கியது. போகப்போக மார்புக்கு ஏறியது, கழுத்துக்கு ஏறியது. தென்கிழக்கு மூலையில் அவன் எம்பியும் எட்டவில்லை.

"பள்ளத்தைவிடப் பள்ளம் இங்கதான் இருக்கா?" என்றான். தட்டை அங்கே வைத்திருந்தால் தண்ணீர் மூலைக்கே ஓடியிருக்கும். எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பான்.

தெற்குச் சுவரில் கறை மறுபடி தாழ்ந்தது. ஓரிடத்தில் தொடையைத் தொட்டது, பின் ஏறியது. மேற்கே திரும்பியதும் இறங்கத் தொடங்கியது. இடுப்பு. முழங்கால். கணுக்கால். கையை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவன் குனிந்தான், பிறகு மண்டியிட்டான், பிறகு தவழ்ந்தான்.

வடமேற்கு மூலைக்கு இருபதடி இருக்கும்போது கை மண்ணைத் தொட்டது.

கறை முடிந்திருந்தது. அதற்கப்பால் சுவரில் பழைய பாசி மட்டும் காய்ந்து கிடந்தது. மூலையில், வெள்ளம் தொடாத கறையான் புற்று.

நாச்சிமுத்து ஓடிப்போய் மூலையில் நின்றான்.

"ஆத்தா! இது... ஆனா இங்கயும் ஏத்தம் முடியலையே. இன்னும் மேலதான் போகுது."

"போங்களேன்."

அவன் காலைத் தூக்கினான். முழங்கால் சுவரில் இடித்தது.

காலைத் தேய்த்துக்கொண்டே சுவரைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"ஏத்தம் முடியல, தோப்புதான் முடிஞ்சிருச்சு. கொட்டகையை இங்க போட்டுரலாம்" என்றான்.

"வடக்குச் சுவர் பாக்கி இருக்கு. வாசல் வரைக்கும் கிழக்குச் சுவரும் இருக்கு."

"அதான் கெடைச்சிருச்சே!"

"நடு மேட்டுக்கு மேல எடமே இல்லைன்னும் நீங்கதான் சொன்னீங்க."

அவன் முனகிக்கொண்டே போனான். கையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. வடகிழக்கு மூலையில் குனிந்து கறையைச் சாணால் அளப்பதை அவள் தூரத்திலிருந்து பார்த்தாள். வாசலைத் தொட்டுவிட்டுத் தோப்பின் குறுக்கே திரும்பி வந்தான்.

"வேற எங்கயும் கறை தரையைத் தொடல, ஆத்தா."

"ம்."

அவன் தட்டைப் புற்றருகே வைத்துத் தண்ணீர் ஊற்றினான். அது ஒரு நொடிகூட நிற்காமல் தோப்பின் நடுவை நோக்கி வழிந்தோடியது.

"பண்ணையார் கணக்குப்பிள்ளை நாளைக்கு வந்து, எங்க போடறீங்கன்னு கேப்பான்" என்றாள் வேலாத்தா. "வழக்கம்போல ஒரு கோல் தள்ளிப் போட்டுக்கலாமா?"

நாச்சிமுத்து காலியான தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்தான்.