மூன்று மணி நேரம் முந்திய நோன்பு

திருவையாற்றில் காவிரிப் படித்துறைக்குப் பக்கத்தில் கரண்டிச் சாமி என்று ஒருவர் இருந்தார். காவி கட்டுவதற்கு முன் முப்பது வருஷம் கல்யாணச் சமையல் செய்தவர். காவி கட்டிய பிறகும் கரண்டியை விடவில்லை. வருகிறவர்களுக்கு முதலில் சோறு போடுவார். அதற்குப் பிறகும் நேரம் மிச்சமிருந்தால் உபதேசம்.

அவருக்கு ஒரே ஒரு சீடர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பஞ்சாபகேசன். குருவைவிடப் பதினோரு வயது பெரியவர். அதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்காட்டாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

மாசி மாதம் முடிகிற சமயம். ஒரு நாள் காலையில் சாமி வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். பஞ்சாபகேசன் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"சாமி, கடியாரத்தைத் திருப்பி வச்சா பாவமா?"

"எவ்வளவு?"

"மூணு மணி நேரம்."

"முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"மாட்டிப்பீர்."

"பாவமான்னு கேட்டேன்."

"மாட்டிப்பீர்னு சொன்னேன்."

பஞ்சாபகேசன் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். அன்றைக்குக் கண்ணும் சிவந்திருந்தது.

விஷயம் இதுதான். அவர் மனைவி தர்மாம்பாளுக்குக் கணையத்தில் புற்றுநோய். தை மாதமே தஞ்சாவூர் டாக்டர் கையை விரித்துவிட்டார். இனி ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம், வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சித்திரை வரை இருந்தால் பெரிது என்றார். வேளாவேளைக்கு நாலு ஸ்பூன் கஞ்சி, அதன்மேல் மாத்திரை. கஞ்சி இல்லாமல் மாத்திரை போனால் குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தி. மாத்திரை போகாவிட்டால் வலி. வலி வந்தால் அந்த மனுஷி தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். சத்தம் வராது. அதுதான் பஞ்சாபகேசனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காரடையான் நோன்பு. புருஷனுடைய ஆயுசுக்காகப் பெண்கள் இருக்கிற நோன்பு. மாசி முடிந்து பங்குனி பிறக்கிற நேரத்துக்கு அடையும் வெண்ணெயும் நைவேத்தியம் பண்ணி, கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு, பிறகுதான் வாயில் எதையாவது போடுவார்கள். இந்த வருஷம் பங்குனி பிறப்பது சாயங்காலம் ஆறே முக்காலுக்கு.

"அதுவரைக்கும் சாப்பிட மாட்டாளாம் சாமி. நாப்பத்துநாலு வருஷத்துல ஒரு தடவை விட்டதில்லையாம்."

"கஞ்சியை மருந்துன்னு சொல்லிக் கொடும்."

"சொன்னேனே! விடியக்காலைக் கஞ்சிக்கு ஒத்துண்டா. மத்தியானம்னதும் 'ஒரு தடவை குடிச்சா மருந்து, ரெண்டு தடவை குடிச்சா சாப்பாடு'ங்கறா. டாக்டரைக் கேட்டேன். மத்தியான மாத்திரையை நாலு மணி வரைக்கும் தள்ளலாம், அதுக்கு மேல தாங்காதுன்னுட்டார். அதான் கடியாரம்."

"நோன்பே வேண்டாம்னு சொல்றதுதானே?"

"'உங்க வேலையைப் பாருங்கோ'ங்கறா."

சாமி தண்டிலிருந்து வந்த நாரை விரலில் சுற்றிக்கொண்டார். "அடை யார் தட்டுவா?"

"எதிராத்து மாமி தரேன்னா. 'அடுத்தாத்து அடையை வச்சுண்டு என் ஆம்படையானுக்கு ஆயுசு கேக்கறதா'ன்னு இவ திருப்பி அனுப்பிட்டா. நீங்க முப்பது வருஷம் சமைச்சவர். நாலு அடை தட்டிக் கொடுங்கோளேன். நான் தட்டினதாச் சொல்லிடறேன்."

"கடியாரம் ஒரு பொய். அடை ரெண்டாவது பொய். நாளைக்கு உமக்கு ரொம்ப வேலை இருக்கும்போல இருக்கே. முடியாது, நீரே தட்டும்."

"அடுப்பை எந்தப் பக்கம் திருகணும்னுகூட எனக்குத் தெரியாது சாமி!"

"தெரிஞ்சவாளைக் கேளும்."

"யாரைக் கேக்கறது?"

சாமி நறுக்கின தண்டை மோரில் போட்டார்.

பஞ்சாபகேசனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"தினம் ஐயாறப்பர் கோவில்ல நூத்தெட்டு பிரதட்சிணம் பண்றேன். மிருத்யுஞ்ஜய ஜபம் பண்றேன். அவ பிழைக்கணும்னு கேக்கறேன். அவ என்னடான்னா என் ஆயுசுக்கு நோன்பு இருக்கா. யாருக்கு வேணும் என் ஆயுசு? அவ இல்லாத ஆத்துல நான் என்ன பண்ணுவேன், சுவத்தைப் பார்த்துண்டு உட்காருவேனா? ஒரே ஆத்துலேர்ந்து ரெண்டு மனு போறது சாமி. பகவான் எதைத்தான் பார்ப்பார்?"

சொல்லிவிட்டு அழுதார். அறுபத்தொன்பது வயதில், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். சாமி தடுக்கவில்லை. அழுது முடியட்டும் என்று அரிவாள்மணையைக் கழுவி மடித்து வைத்தார். பிறகு சொன்னார்:

"மன்னார்குடியில ஒரு கல்யாணம். ரெண்டு கிழம், புருஷனும் பொண்டாட்டியும், பக்கத்துப் பக்கத்து இலை. ஜாங்கிரி தீர்ந்துபோச்சு, ஒண்ணே ஒண்ணு மிச்சம். கிழவர் இலையில போட்டேன். அவர் எடுத்துப் பாட்டி இலையில வச்சார். 'எனக்கு வேண்டாம், நீங்க சாப்பிடுங்கோ'ன்னு பாட்டி இவர் இலையில வச்சா. இவர் மறுபடியும் அவ இலையில. அவ மறுபடியும் இவர் இலையில. ரசம் போச்சு, மோர் போச்சு, ரெண்டு பேரும் விடறதா இல்லை."

"கடைசியில யார் சாப்பிட்டா?"

"அடுத்த பந்திக்கு நாழியாயிடுத்து. இலையை எடுத்துட்டோம்."

"ஜாங்கிரி?"

"இலையோட போச்சு."

பஞ்சாபகேசனுக்கு மூக்கு மறுபடியும் சிவந்தது. எழுந்து நின்றார்.

"நான் பகவானைப் பத்திக் கேட்டா நீங்க ஜாங்கிரியைப் பத்திச் சொல்றேள். நான் உங்களைவிடப் பதினோரு வயசு பெரியவன், ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. தண்டுக் கறி ஆனதும் எடுத்துண்டு போம்."

கோபித்துக்கொண்டாலும் கறியை வாங்கிக்கொண்டுதான் போனார்.

மறுநாள் காலையில் பஞ்சாபகேசன் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். தர்மாம்பாள் கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். உள்ளே செல்போனில் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே அடை தட்டிக் காட்டினாள். கட்டிலிலிருந்து தர்மாம்பாளும் விடாமல் குரல் கொடுத்தாள்.

"ஏன்னா, காராமணியை ஊறப்போட்டேளா?"

"நீ பேசாம படுத்துக்கோ."

"மாவை வறுத்துண்டேளா?"

"நீ பேசாம படுத்துக்கோன்னேன்."

"தீயற வாசனை வரதே!"

"அது எதிராத்துல. நீ பேசாம படுத்துக்கோ!"

எட்டு அடை தட்டினார். மூன்று இட்லித் தட்டைவிட்டு வரமாட்டேன் என்று சாதித்துவிட்டன. ஒன்றைக் காக்கைக்கு வைத்தார். காக்கை ஒரு கொத்து கொத்திவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு பறந்துவிட்டது. மீதி நாலு.

மத்தியானம் தர்மாம்பாள் கண்ணயர்ந்தாள். பஞ்சாபகேசன் முக்காலி போட்டு ஏறிக் கூடத்துக் கடிகாரத்தைத் திருப்பினார். கைக்கடிகாரத்தைத் திருப்பினார். செல்போனை அரிசி டின்னில் ஒளித்தார். டிவி ஒயரைப் பிடுங்கினார். தினசரிக் காலண்டரையும் ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார். அதில் முள் இல்லை, விட்டுவிட்டார்.

கூடத்துக் கடிகாரத்தில் ஆறே முக்கால் ஆனதும் எழுப்பினார்.

"தர்மு, எழுந்திரு. பங்குனி பிறந்தாச்சு."

தர்மாம்பாள் கடிகாரத்தைப் பார்த்தாள். முற்றத்தைப் பார்த்தாள். முற்றத்தில் வடாம் காயப்போடலாம் போல வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"ஏன்னா, இந்தக் கடியாரம் நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கிக் கொடுத்தது. நாப்பத்துநாலு வருஷமா பத்து நிமிஷம் பின்னாடிதான் ஓடறது. இன்னிக்கு என்ன வந்தது அதுக்கு, இந்த ஓட்டம் ஓடியிருக்கு?"

பஞ்சாபகேசன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொய் சொன்ன பையன்களை முப்பத்தாறு வருஷம் பெஞ்சுமேல் ஏற்றினவர் அவர்.

"வலிக்கறதா தர்மு?" என்று மட்டும் கேட்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்கறது. சரி, இலையைப் போடுங்கோ. இந்த ஒரு வருஷம் உங்க கடியாரத்தையே பார்த்துக்கோன்னு அம்பாள்கிட்ட சொல்லிடறேன்."

நுனி இலை போட்டு, அடையும் வெண்ணெயும் வைத்து, விளக்கேற்றினார். சரடு கட்டிக்கொள்ள அவளுக்குக் கை மேலே எழவில்லை. அவரே கட்டினார். கழுத்து அவ்வளவு மெலிந்து கிடந்தது. முடிச்சு விழ மூன்று தடவை ஆயிற்று.

"நில்லுங்கோ, நமஸ்காரம் பண்ணணும்."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நீ பேசாம..."

"படுத்துக்கத்தான் போறேன். படுத்துண்டே பண்றேன், காலைக் கொண்டாங்கோ."

கட்டில் உயரம். அவருக்கோ முழங்காலில் வாதம். வலது காலைத் தூக்கிப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. இடது கால் அந்தப் பாதிக்கும் வரவில்லை. கடைசியில் கடிகாரத்துக்குப் போட்ட முக்காலியை இழுத்து, அதன்மேல் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது கால் அவள் கைக்கு எட்டியது.

அவள் இரண்டு பாதங்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நூறு வயசு இருக்கணும். ஆடாதீங்கோ, விழுந்து வைக்கப் போறேள்."

இனி அவர் ஆசீர்வாதம் பண்ண வேண்டும். வருஷா வருஷம் பண்ணுகிறதுதான். "தீர்க்க..." என்று ஆரம்பித்தார். நெடுங்காலம் சுமங்கலியாக இரு என்று அவளைப் பார்த்து எந்த வாயால் சொல்வது? டாக்டர் சித்திரை என்றல்லவா சொல்லியிருக்கிறார்?

"ம், சொல்லுங்கோ. எத்தனை நாழி முக்காலியில நிப்பேள்?"

"வரலை தர்மு."

"முதல் வார்த்தையை விட்டுடுங்கோ. மீதியைச் சொல்லுங்கோ. அது நிச்சயம் பலிக்கும்."

"சுமங்கலீ பவ" என்றார். சொல்லிவிட்டு, முக்காலியில் நின்றபடியே, ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

தர்மாம்பாள் சிரித்தாள். சிரித்தால் வயிறு சுருக்கென்று இழுக்கும். இருந்தாலும் சிரித்தாள்.

"இறங்கி வந்து அழுங்கோளேன்" என்றாள்.

அடையில் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டாள். வெகு நேரம் மென்றாள். "நன்னாத்தான் இருக்கு" என்றாள். நோன்பும் அதுவுமாக அவள் பங்குக்கு ஒரு பொய். பிறகு கஞ்சி குடித்து, மாத்திரை போட்டுக்கொண்டு, நிஜமாகவே பங்குனி பிறந்தபோது வலியில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பஞ்சாபகேசன் ஒரு தூக்கில் அடையை எடுத்துக்கொண்டு சாமியிடம் போனார்.

"மாட்டிண்டேன்."

"தெரியும்."

நடந்ததை எல்லாம் சொன்னார். முக்காலியில் நின்றதை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தார். அதை விட்டால் மற்றது எதுவும் புரியாது என்பதால் அதையும் சொன்னார்.

"நூறு வயசு இருங்கோன்னுட்டா சாமி. எனக்கு வேண்டாம், நீ எடுத்துக்கோன்னு சொல்லணும்னுதான் நினைச்சேன். அவ மூஞ்சியைப் பார்த்தா சொல்ல முடியலை. வாங்கிண்டு வந்துட்டேன். இப்ப அதை வச்சுண்டு நான் என்ன பண்றது?"

சாமி அடையை எடுத்து விண்டார். அது விள்ளுவதாக இல்லை. இரண்டு கையாலும் பிடித்து மளுக்கென்று உடைத்து வாயில் போட்டார். இந்தப் பக்கம் மென்றார், அந்தப் பக்கம் மென்றார்.

"காராமணி ஊறவே இல்லை. அடுத்த வருஷமாவது ஒழுங்கா ஊறப்போடும்."

காவிரியில் தண்ணீர் வற்றி மணல்தான் தெரிந்தது. பஞ்சாபகேசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அந்தச் சமையலறையில் அவர் ஒருத்தர்தான் நின்றுகொண்டிருப்பார். கட்டிலிலிருந்து யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள்.

துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை மணி நேரம் ஊறணும்?"

"அதை என்னை ஏன் காணும் கேக்கறீர்? தெரிஞ்சவ இன்னும் ஆத்துலதானே இருக்கா? எழுந்து போம்."