கணப்பின் முதுகு

கொடைக்கானலில் செலின் டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஓர் இரும்புக் கணப்பு இருந்தது. இருபத்தாறு குளிர்காலம் விறகு எரித்து அந்த வீட்டைச் சூடாக வைத்திருந்தது. இப்போது அதன் கதவு சரியாக மூடவில்லை. புகைக்குழாயும் துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது.

"புதுசே வாங்கிடலாம்" என்றார் டீச்சரின் கணவர் அருளப்பன். "ஞாயித்துக்கிழமை மக கைக்குழந்தையோட வர்றா. இந்தப் பழசை நம்பி எப்படி?"

"கதவும் குழாயும்தானேங்க? மாத்திட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும். நல்லா இருக்கறதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரல."

கேட்ட கணப்புக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மறுநாள் காலை வெல்டர் காதர் வந்து கதவுக்குக் கீல் மாற்றினார். புதுக் குழாயைப் பொருத்தினார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், கணப்புக்குப் பின்னாலிருந்த சுவர் மெல்லக் கேட்டது.

"உன் முதுகுல இருக்கிற விரிசலை அவருக்குக் காட்டலையா?"

"அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சது. அப்படியே இருக்கட்டும்."

"நீ எதுக்கு வாயைத் திறக்கறே?" என்று புதுக் குழாய் சுவரை அதட்டியது. "நான் இழுக்கிற இழுப்புல துளி புகை வெளியே வராது."

"எரியும்போது வராது. தணல் அடங்கி இழுப்பு குறைஞ்சப்புறம்? போன மாசம் ரெண்டு பேரும் தலைவலின்னு எழுந்தாங்களே, எதனாலன்னு நினைச்சே?"

"நான் நேத்து வரைக்கும் கடையிலதானே இருந்தேன்" என்றது குழாய்.

"பெரியவங்க தாங்கிக்கிட்டாங்க. நாளன்னைக்கு இங்கே தொட்டில் கட்டப் போறாங்க" என்றது சுவர்.

"என்னைக் கழட்டினா எங்கே போடுவாங்கன்னு தெரியும்ல?" என்றது கணப்பு.

"தெரியும். பழைய இரும்புக் கடையில."

காதர் திரும்பி வந்து விறகைப் பற்றவைத்தார். கதவு கச்சிதமாக மூடியது. குழாய் நன்றாக இழுத்தது.

"பாருங்க டீச்சர், புதுசு மாதிரி!"

"நான் சொன்னேன்ல?" டீச்சர் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "இது நம்மளக் கைவிடாது."

கணப்பு அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் தன்னோடு வைத்துக்கொண்டது. பிறகு மூச்சை அடக்கியது. மேலே ஏற வேண்டிய புகையைத் திருப்பி, முதுகு வழியாகத் தள்ளியது.

"என்ன பண்றே!" என்று குழாய் அலறியது.

வெள்ளைச் சுவரில் கரிக்கோடு ஒன்று ஏறியது. டீச்சர் இருமினார். காதர் அவசரமாக நெருப்பை அணைத்து, டார்ச் அடித்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வார்ப்பிரும்பு, டீச்சர். விரிசலை வெல்டு வச்சாலும் சூட்டுல திரும்பப் பிளந்துக்கும். நல்லவேளை, இன்னைக்கே தெரிஞ்சுது."

சனிக்கிழமை புதுக் கணப்பு வந்து இறங்கியது. நாலு பேர் பழையதைப் பெயர்த்துத் தூக்கினார்கள்.

"கடைசி நேரத்துல இப்படிக் காலை வாரிடுச்சே" என்றார் டீச்சர்.

சுவருக்குப் பொறுக்கவில்லை. "நீ செஞ்சது இவங்களுக்குத் தெரியவே போறதில்லையா?"

"விடு" என்றது கணப்பு. "மறைச்சிருந்தா, தொட்டில்ல இருக்கிற குழந்தைக்கு ஏதாவது ஆகிற வரைக்கும் என்னைப் புகழ்ந்துக்கிட்டுதான் இருந்திருப்பாங்க."