இரண்டு பீரோ

"மறந்துபோன செல்லை வச்சுக்கிட்டு என்ன மேடம் பண்றது? கொட்டிடறேன்."

வையாபுரி பிளீச்சிங் பாட்டிலும் கையுமாக ஆய்வுக்கூட அறை வாசலில் நின்றான். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டான். மாங்காய் மண்டியில் பதினைந்து வருஷம் தொண்டை கிழியப் பேரம் பேசிவிட்டு, நாற்பது வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவன். டாக்டர் தமயந்தி அவனைவிடப் பத்து வயது இளையவள். அவள்தான் அவனுக்குக் குரு.

"என்ன மறந்துச்சு?"

"சண்டையைத்தான். டி செல்லுன்னா உடம்போட சிப்பாய்னு நீங்கதானே சொன்னீங்க? கிருமியைக் காட்டினேன், அடிச்சு நொறுக்குச்சு. முக்கால்வாசி செத்துச்சு. மிஞ்சினதை முப்பது நாள் ஊட்டி வளர்த்தேன். இன்னிக்குப் பார்த்தா ஆயுதம் செய்யற ஜீன் மூச்சு விடல. கிருமியையே பார்க்காத புதுச் செல்லுலயும் அதே ஜீன்தான், அதுவும் ஊமை. அப்புறம் என்ன ஞாபகம்?"

"இது நீங்க செல் வளர்த்த மூணாவது தட்டு."

"தெரியும். இதுவும் போனா ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். மண்டி அங்கயேதான் இருக்கு."

தமயந்தி சுவரோரம் கை காட்டினாள். ஒரே நிறத்தில் இரண்டு பீரோ.

"என்ன வித்தியாசம்?"

"நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன..." பல்லைக் கடித்தான். "ஒண்ணும் இல்ல. ரெண்டும் மூடிக் கெடக்கு."

"தொறங்க."

முதல் பீரோவை இழுத்தான். அசையவில்லை.

"சாவி?"

டிராயரில் தேடினாள். கைப்பையில் தேடினாள். கோப்புகளைத் தூக்கிப் பார்த்தாள். வையாபுரிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"இங்கதான் எங்கயோ வச்சேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கெடைச்சிடும்."

"வெளையாடாதீங்க மேடம்."

"அப்ப அடுத்ததைத் தொறங்க."

விரல் பட்டதும் கதவு வந்துவிட்டது. உள்ளே தீயணைக்கும் போர்வை, மணல் வாளி.

"இதுக்கு மட்டும் ஏன் பூட்டு இல்ல?"

"இருந்துச்சு. இந்த ரூம்ல ஒரு தடவை தீப்பிடிக்கற வரைக்கும்."

வையாபுரி கதவை மூடினான். திறந்தான். மறுபடி மூடிவிட்டு, நாலடி தள்ளி நின்று பார்த்தான்.

இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

பிளீச்சிங் பாட்டிலை அவள் மேஜைமேல் வைத்தான்.

"மேடம், ரெண்டு செல்லுக்கும் இன்னொரு தடவை காட்டணும். அந்தக் கிருமியை எந்த ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கீங்க?"