ஷோபான் கட்சிக்காரர்

பாளையங்கோட்டையில் பியூலா மிஸ்ஸிடம் பியானோ படித்தவர்களில் வயதில் மூத்தவர் எபனேசர் சார். அறுபத்தொன்று முடிந்துவிட்டது. கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மிஸ்ஸுக்கு முப்பத்தெட்டு. ஒரு காலத்தில் இவரிடம் மூன்று வருஷம் வேதியியல் படித்தவர்தான் மிஸ். அதனால் குரு சிஷ்யரை 'சார்' என்பார், சிஷ்யர் குருவை 'மிஸ்' என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் பழகிப்போய்விட்டது.

சார் ஷோபான் என்ற அந்தக் கால ஐரோப்பிய இசையமைப்பாளரின் கட்சி. உலகத்தில் பியானோவுக்கு எழுதியவர் ஒரே ஒருவர்தான், மற்றவர்களெல்லாம் கட்டையைத் தட்டிப் பார்த்தவர்கள் என்பது அவர் கொள்கை. சனிக்கிழமை வகுப்பில் ஷோபானைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார், கால் மணி நேரம் வாசிப்பார்.

வின்ஃபிரட் வந்து சேரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வின்ஃபிரட் மருந்துக் கடை வைத்திருப்பவர். சாருக்குப் பிறகு நாலு வருஷம் கழித்துச் சேர்ந்தார். சின்ன வயதில் போர்டிங் பள்ளியில் பழகிய கை, அது மறக்கவில்லை. இந்த வருஷம் ஜூலையில், ஷோபான் காலத்து இன்னொரு பியானோ மேதையான லிஸ்ட் எழுதிய ஓர் உருப்படியை எடுத்தார். அதை அவர் வாசிக்கும்போது வகுப்பில் இருமல் சத்தம்கூடக் கேட்காது.

வின்ஃபிரட் வாசிக்கையில் மிஸ் எத்தனை தடவை 'ம்' சொன்னார் என்று சார் எண்ணுவார். தனக்கு எத்தனை வந்தது என்றும் எண்ணுவார். அன்றைக்கு வீட்டில் அயிரை மீன் குழம்பு இருந்தாலும் இறங்காது.

"லிஸ்ட்டா? அது சர்க்கஸ்லா வே," என்பார். "கம்பி மேல நடக்கான், நாம கையத் தட்டுதோம். வீட்டுக்குப் போனா மனசுல என்ன நிக்குது?"

"கம்பி மேல ஏறிப் பாத்தாத்தான் சார் அது தெரியும்," என்பார் வின்ஃபிரட்.

"ஷோபான் பெரிய கூட்டத்துல வாசிக்கப் பிரியப்பட மாட்டார். சின்ன அறை, நாலு பேரு. அதுல்லா சங்கீதம்!"

"அந்த நாலு பேர்ல லிஸ்ட்டும் உண்டு சார். ஷோபானைப் பத்திப் புத்தகமே எழுதியிருக்காரு."

"ஆள் செத்த பொறவு எழுதுனாரு. வயித்தெரிச்சல், வேற என்ன!"

வின்ஃபிரட் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்புதான் சாருக்கு இன்னும் எரியும்.

டிசம்பரில் மிஸ்ஸின் மாணவர்கள் எல்லோரும் ஒரு சாயங்காலம் மேடையேறுவார்கள். கடைசியாக வாசிப்பவருக்குத்தான் மதிப்பு. ஊர் பேசுவதும் அவரைப் பற்றித்தான். ஆறு வருஷமாகச் சார் நடுவில்தான் வாசித்துவந்தார். இந்த வருஷம் கடைசி இடம் தனக்கேதான் என்று முடிவு கட்டி, பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "அப்பாதான் இந்தத் தடவை கடைசி. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வந்துரு," என்று சொல்லியும் விட்டார். அவர்கள் ரயிலுக்குப் பதிவு பண்ணிவிட்டார்கள்.

நவம்பர் முதல் சனிக்கிழமை மிஸ் பட்டியலைச் சுவரில் ஒட்டினார். எபனேசர் சார் நாலாவது, டீ இடைவேளைக்கு முன்னால். கடைசி இடத்தில் வின்ஃபிரட்.

சாருக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது. மற்றவர்கள் போகும்வரை செருப்பு மாட்டுகிற மாதிரி வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"ஷோபான் பெருசா, லிஸ்ட் பெருசா? இன்னைக்கு முடிவாச் சொல்லிருங்க."

மிஸ் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுப் பியானோவை நான் பாத்து எவ்வளவு நாளாச்சு சார்?"

"ஈஸ்டருக்குப் பாத்தீங்க. நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொல்லுதீங்க?"

"வியாழக்கிழமை காலைல வாரேன் சார்."

சொன்னபடி வந்தார். அந்தப் பக்கத்தில் பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஆள் கிடையாது, அதனால் மிஸ்ஸே அந்த வேலையையும் கற்று வைத்திருந்தார். கையில் கருவிப் பை. சாரின் மனைவி பிளாரன்ஸ் அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"நல்லாப் பாரும்மா. தெனம் மூணு மணி நேரம் அடி வாங்குது அது. ஜன்னல் கதவெல்லாம் அடைச்சிட்டுதான் வாசிக்காவ. இந்தப் புழுக்கத்துல! கேட்டா, தெரு சத்தமாம்."

"நீ உள்ள போ," என்றார் சார்.

மிஸ் பியானோவின் முன்பலகையைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்தார். உள்ளே எண்பத்தெட்டு சுத்தியல்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும் தடித்த கம்பளி. கட்டையை அழுத்தினால் சுத்தியல் போய்க் கம்பியில் அடிக்கும். அடிக்க அடிக்கக் கம்பி அந்தக் கம்பளியில் கோடு போட்டுவிடும்.

"ஈஸ்டருக்கு வந்தப்போ இதெல்லாத்தையும் நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிட்டுப் போனேன். ஞாபகம் இருக்கா சார்? அன்னைக்கு ஒரு கோடும் இல்ல."

"ஞாபகம் இருக்கு."

மிஸ் டார்ச்சை அடித்தார். வெளிச்சம் வலது ஓரமாகப் போய் மேல் சுரங்களில் நின்றது. அங்கே ஒரு சுத்தியலில் மட்டும் கம்பளி ஆழமாக வெட்டுப்பட்டு மரம் தெரியப் பார்த்தது. பக்கத்தில் இருந்த ஏழெட்டுச் சுத்தியல்களும் நைந்து போயிருந்தன.

வின்ஃபிரட் வாசிக்கும் லிஸ்ட் உருப்படியில் மேலே ஒரே ஒரு சுரத்தை விடாமல் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். அது இந்தச் சுரம்தான். இரண்டு பேருக்கும் தெரியும்.

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"எப்ப இருந்து சார்?"

"ஜூலைல இருந்து."

"தினமுமா?"

"தினமும்."

"வந்துதா?"

"வரல மிஸ். மாத்திரை அட்டையக் கிழிக்கிற கைக்கு வருது, எனக்கு வரல. நான் படிக்காத புத்தகம் இல்ல. ஷோபானைப் பத்தி என்னைய மாதிரி இந்த ஜில்லாவுல பேசுற ஆள் உண்டா? ஆனா அவன் பியானோ முன்னால உக்காந்தா எனக்கு வயிறு எரியுது. வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், அவனுக்குக் கை சுளுக்கிக்கிட்டா நல்லாயிருக்கும்னுகூட நெனச்சிருக்கேன். ஜெபம் பண்ண உக்காந்தாலும் அந்தச் சுரம்தான் காதுல அடிக்கி."

மிஸ் டார்ச்சை அணைக்கவில்லை.

"சர்க்கஸுன்னு சொன்னேன்ல. அவன் முன்னால அப்படிச் சொல்லிட்டு, இங்க கதவ அடைச்சிட்டு அதையே வாசிச்சேன். அவனைவிட நல்லா வாசிச்சுக் காட்டிட்டு, 'இவ்வளவுதான்வே இது'ன்னு தூக்கிப் போடணும்னு நெனச்சேன்."

அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது.

"சரி, ஒத்துக்கிடுதேன்," என்றார் சார். "லிஸ்ட்தான் பெரிய ஆளு. அதான கடைசி இடத்தை அந்தப் பக்கம் குடுத்தீங்க?"

"இங்க வாங்க சார்."

எழுந்து போனார். மிஸ் அவர் விரலைப் பிடித்து, நடுவில் இருந்த சுத்தியல்களின் மேல் வைத்தார். கம்பளி மெத்தென்று இருந்தது. கோடு என்று சொல்ல ஒன்றுமில்லை, ஈஸ்டருக்குத் தேய்த்தது அப்படியே கிடந்தது. சார் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். ஷோபானின் மெட்டுகள் எல்லாம் பாடுகிற இடம் அது. முப்பது நாற்பது சுத்தியல் வரை அப்படியே இருந்தது.

மிஸ் பலகையை மாட்டி, கருவிகளைப் பையில் போட்டு மூடினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"கடைசி இடத்துல அக்டோபர் முடியுறவரைக்கும் ஷோபான்னுதான் சார் எழுதி வெச்சிருந்தேன். வாசிக்கத்தான் ஆள் வரல."