கோர்ட்டுச் சுவரில் இடது கை

விடை தெரிந்தவர்கள் கடைசிவரை வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டால் இந்தக் கதையைச் சொல்லலாம்.

அருப்புக்கோட்டையில் சோலையப்பன் என்று ஒரு சுவர் எழுத்துக்காரர். ஏணியின் உச்சியில் நின்று, ஒரு கையில் பெயின்ட் டப்பாவும் மறு கையில் பிரஷ்ஷுமாக, ஆள் உயர எழுத்தை நூல் பிடிக்காமல் எழுதுவார். அந்த ஊரில் நடந்த எந்தப் போராட்டத்துக்கும் சுவர் அவருடையதுதான். மேடையில் பேசியவர்கள் பதவிக்குப் போனார்கள். எழுதியவர் சைக்கிளிலேயே போய்க்கொண்டிருந்தார்.

அந்தச் சைக்கிளை ஒருநாள் தவறான பக்கம் ஏறி வந்த ஒரு வெள்ளைக் கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் ஓடியது. ஆனால் சைக்கிளில் இருந்த சிவப்புப் பெயின்ட் முழுவதும் காரின் தலையில் கொட்டியிருந்தது. போகிற வழியெல்லாம் ஊரே கை காட்ட, அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள். துப்புத் துலக்கிவிட்டதாகப் போலீஸ்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

சோலையப்பனின் வலது முழங்கை நொறுங்கிவிட்டது. அதன் பிறகு அந்தக் கை மடங்கவில்லை, விரல்கள் எதையும் பிடிக்கவில்லை. மருத்துவக் குழு நாற்பது சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தது. உழைப்பவன் உடம்பைச் சதவீதமாகப் பிரித்துச் சொல்ல நம் நாட்டில் படித்தவர்களுக்குக் குறைவே இல்லை. காருக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்த கம்பெனி மேல் இழப்பீட்டு வழக்குப் போட்டார். வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நான்கு வருடம் ஓடியது.

நான்கு வருடம் சும்மா உட்கார அவருக்குத் தெரியாது. வீட்டுப் பின்சுவரில் இடது கையால் எழுதிப் பழகினார். முதல் மாதம் எழுத்துகள் கள்ளுக்கடையிலிருந்து வருவதுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.

“இது ‘க’வாங்க, கவுந்து விழுந்த கட்டெறும்பா?” என்பார் மனைவி பஞ்சவர்ணம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இடது கை இடமிருந்து வலமாகப் போனால், ஈர எழுத்தைத் தானே துடைத்துக்கொண்டு போகும். ஆகவே கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்துக்கு வந்தார். டப்பா பிடிக்க வலது கை ஆகாதே? பஞ்சவர்ணம் மில் வேலையை விட்டுவிட்டு டப்பாவோடு பக்கத்தில் நின்றார். ஏணி மட்டும் வீட்டோரம் சாய்ந்தே கிடந்தது. இழப்பீடு வந்தால் தெரு முக்கில் நிழலாக ஒரு கடை பிடித்து, நம்பர் பிளேட் எழுதிப் பிழைக்கலாம், பஞ்சவர்ணமும் வெயிலிலிருந்து தப்பிப்பார் என்பது சோலையப்பனின் எண்ணம்.

குறுக்கு விசாரணைக்கு முந்தின நாள் ஒரு மேஸ்திரி வந்தார். “கோர்ட்டுச் சுவர் அண்ணாச்சி. எழுத்து கோணக் கூடாது. உங்களால முடியலன்னா ஃபிளெக்ஸ் அடிச்சு மாட்டிருவோம்.”

ஃபிளெக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் சோலையப்பனுக்கு வழக்கு மறந்துபோனது.

‘அமைதி காக்கவும்’ என்று எழுத வேண்டும். அவர் ‘வும்’மிலிருந்து தொடங்கினார். என்ன வரப்போகிறது என்று எதிர் டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். “வரி செலுத்தவும்!” என்றார் ஒருவர். “வாய்தா வாங்கவும்!” என்றார் இன்னொருவர். அமைதி காக்கச் சொல்லும் சுவருக்கு முன்னால் ஒரே கூச்சல். அதைக் கேட்டு வெளியே வந்த கம்பெனி வக்கீல் சுகந்தி, வேலை முடியும்வரை பொறுமையாக நின்று போனில் படம் எடுத்துக்கொண்டார். படத்தில் சோலையப்பனின் முதுகு, அருகில் டப்பாவோடு பஞ்சவர்ணம்.

மறுநாள் காலை கோர்ட்டு வராந்தாவில் சோலையப்பனின் வக்கீல் ஞானதுரை, சுகந்தி தாக்கல் செய்திருந்த படத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“குடி கெட்டது அண்ணாச்சி! இத்தனை நாளா வேலையே போச்சுன்னு வாதாடுறேன், நீங்க கோர்ட்டுச் சுவர்லயே எழுதி வச்சிருக்கீங்க. நல்லவேளை, முதுகுதான் தெரியுது. ‘அது நான் இல்லை’ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

“பக்கத்துல இவ நிக்கிறாளே வக்கீலய்யா? வேற யாரு பொண்டாட்டியோன்னு சொல்லவா?”

“சொல்லித்தான் பாருங்களேன்” என்றார் பஞ்சவர்ணம்.

சோலையப்பன் கூண்டில் ஏறியதும் சுகந்தி படத்தை நீட்டினார். “இதை எழுதியது யார்?”

சோலையப்பன் படத்தைப் பார்த்தார். ‘மை’யின் வளைவு நன்றாக விழுந்திருந்தது. ‘நான் இல்லை’ என்றால் கடை கிடைக்கலாம். ஆனால் அந்த வளைவு வேறொருவனுடையது ஆகிவிடும். அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

“நான்தாங்க எழுதினேன். இடது கையால.”

“பாருங்கள் ஐயா” என்று சுகந்தி நீதிபதி பக்கம் திரும்பினார். “முன்பைவிட அழகாகவே எழுதுகிறார். தொழில் போகவில்லை. பிறகு எதற்கு இழப்பீடு?”

ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டார். உண்மையைச் சொன்னதால் வழக்கு போய்விட்டது என்பது அவர் முடிவு. பின்வரிசையிலிருந்து பஞ்சவர்ணம் எழுந்தார்.

“ஐயா, எழுத்தை மட்டும் பார்க்காதீங்க. படத்தை முழுசாப் பாருங்க. அதுவே எங்க சாட்சி.”

நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைக் கையில் வாங்கினார். இப்போது நீங்கள் சொல்லுங்கள். மறைத்திருக்க வேண்டும் என்ற ஞானதுரை, இழப்பே இல்லை என்ற சுகந்தி, படமே சாட்சி என்ற பஞ்சவர்ணம், இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: பஞ்சவர்ணம் சொன்னதே சரி. ஞானதுரை சொன்ன பொய்யைச் சொல்லியிருந்தால், உண்மையாகவே உடைந்த முழங்கையையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். சுகந்தி எழுத்தின் அழகை அளந்தார், எழுதிய ஆட்களை எண்ணவில்லை. ஒருவர் செய்த வேலையைப் படத்தில் இருவர் செய்கிறார்கள். அதில் ஒருவர் தன் மில் கூலியை விட்டுவிட்டு வந்தவர். படத்தில் ஏணி இல்லை; ஒற்றைக் கையோடு அதில் ஏற முடியாததால் உயரமான சுவர்களும் கைவிட்டுப் போயின. இழப்பு அத்தனையும் அந்தப் படத்திலேயே இருக்கிறது. வலது கையை ஒடித்தது கார். இடது கையைப் பழக்கியது சோலையப்பனின் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தைத் தன் கடனில் கழித்துக்கொள்ளக் கம்பெனிக்கு எந்த நியாயத்திலும் உரிமை கிடையாது.