நானூறு பெயரும் ஒரு ஜமக்காளமும்

நிதானமாகக் கேளுங்கள். பதில் கடைசியில்தான் வேண்டும்.

பவானியில் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள் பாவாயி. ரத்தத்துக்கு அலைகிறவர்கள் முதலில் அவளிடம்தான் ஓடி வருவார்கள். கொடுக்க மனசுள்ள நானூறு பேரை உள்ளங்கை அகல டிஜிட்டல் டைரியில் ஏற்றி வைத்திருந்தாள். ரத்த வகைக்கு அதில் தனி இடம் கிடையாது. பெயர், ஊர், தொழில் என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டே போய், வகையைக் கடைசியில் போடுவாள். போர்வெல் லாரியில் ஊர் ஊராகச் சுற்றும் மாரப்பன், நம்பர் மாறும்போதெல்லாம் தேடி வந்து, "எழுதிக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போவான்.

டைரியின் திரை மங்கிப்போகவே, வேறு கம்பெனி டைரி வாங்கினாள். பழசைக் கொண்டுவந்தால் விலையில் தள்ளுவதாகக் கடைக்காரர் சொன்னார்.

ரிப்பேர் கடை ஜெரால்டு இரண்டையும் மூக்கோடு மூக்கு வைத்து, ஒயரில்லாமல் ஒவ்வொரு பெயராகப் புதுசுக்கு அனுப்பினான். முடிந்ததும் பழசுக்குப் புது பேட்டரி போட்டான்.

"போற மெஷினுக்கு எதுக்குப்பா?"

"பேட்டரி செத்தா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிரும்க்கா. போறதுதான் போகுது, உசுரோட போகட்டும்."

பழசைக் கடையில் சேர்க்கச் சொல்லி ஆட்டோக்கார நாச்சிமுத்துவிடம் கொடுத்தனுப்பினாள் பாவாயி.

ஒரு வாரம் போயிருக்கும். நெசவுக்காரர் செங்கோடன் மூச்சிரைக்க வந்து நின்றார். பிரசவமான மனைவிக்கு உடனே ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். பாவாயி புது டைரியைத் தட்டினாள். இரண்டே பெயர். ஒருவர் பம்பாயில். இன்னொருவர் போன வாரம்தான் கொடுத்திருந்தார்.

நகலெடுக்க வந்திருந்த டைப்ரைட்டிங் டீச்சர் மெஹருன்னிசா டைரியை வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, நீளமான வரிக்கெல்லாம் வாலையே காணோமே! ரத்த வகை அங்கதானே போடுவ?"

புது மெஷின் ஓர் அளவுக்கு மேல் இருந்ததை வெட்டிவிட்டிருந்தது. பாவாயி தலையில் கை வைத்தாள். "பழசுதான் போயிருச்சே!"

வாசலில் நின்ற நாச்சிமுத்து தலையைச் சொறிந்துகொண்டே ஆட்டோ சீட்டுக்கடியிலிருந்து எதையோ எடுத்தான். "திட்டாதீங்கக்கா. புதுசு நல்லா ஓடுதான்னு தெரியாம பழசைக் குடுக்க மனசு வரல."

பழசு உயிரோடிருந்தது. மாரப்பன் வரியின் வாலில் ஓ நெகட்டிவ். கூப்பிட்ட அரை மணியில் சேறு காயாத சட்டையோடு வந்தான். கொடுத்தான். டீயைக் குடித்துவிட்டு லாரிக்கு ஓடினான். தாய் பிழைத்தாள்.

மாதம் திரும்பியதும், ஜெரால்டும் டீச்சரும் நாச்சிமுத்துவும் கடையில் இருந்தபோது, செங்கோடன் தன் கையால் நெய்த ஜமக்காளம் ஒன்றைக் கொண்டுவந்தார். "எங்கூட்டுக்காரியக் காப்பாத்துனவங்களுக்கு இதக் குடுங்க அம்மிணி. வெட்டிப் பங்கு மட்டும் போட்றாதீங்க."

"பேட்டரி யாருது?" என்றான் ஜெரால்டு.

"வால் இல்லைன்னு கண்டுபிடிச்சது யாரு?" என்றார் டீச்சர்.

"சொன்னத மீறி வச்சிருந்து, திட்டு வாங்கத் தயாரா நின்னது நானு!" என்றான் நாச்சிமுத்து.

மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனாலும் மூன்று பேரின் கண்ணும் ஜமக்காளத்தின் மேலேயேதான் இருந்தது. பாவாயிக்கு மூன்று பேரையும் கும்பிடத் தோன்றியது. யார் மனசையும் நோகடிக்கக் கூடாதே என்று கலங்கினாள்.

நீங்களே சொல்லுங்கள். அந்த ஜமக்காளம் யாரைச் சேர வேண்டும்?

விடை: மாரப்பனை. மூவரும் காப்பாற்றியது ஒரு பெயரை; உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் அவன். நம்பர் மாறும்போதெல்லாம் அவன் வந்து சொல்லியிராவிட்டால், பழசிலிருந்து அந்தப் பெயரை எடுத்தும் பிரயோசனமில்லை. பாவாயி இதைத்தான் சொன்னாள். நாச்சிமுத்துதான் ஆட்டோவைக் கிளப்பி, எல்லோரையும் மாரப்பன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஜமக்காளத்தை வாங்கிய மாரப்பன் மடிப்புக்கூடக் கலையாமல் ஒரு நிமிஷம் நெஞ்சோடு வைத்திருந்தான். அப்புறம் வாசலில் விரித்தான். "நின்னுட்டே இருந்தா எப்படிங்க? எல்லாரும் உக்காருங்க." நான்கு பேரும் உட்கார்ந்தார்கள், அவனுக்கும் இடம் இருந்தது.