மடவை மீனு ஏன் துள்ளுது

அந்தக் காலத்துல மீனு, நண்டு, கொக்கு எல்லாத்துக்கும் வாய் இருந்துச்சு. திங்கிற வாய் இல்ல, பேசுற வாய். ஆத்துல ஒரு மனுசன் நிம்மதியா குளிக்க முடியாது. "முதுகுல அழுக்கு இருக்கு, நல்லாத் தேயும்வே"ன்னு நண்டு கத்தும். "அ...து அழுக்கில்லவே, அவரு நெறமே அதா...ன்"னு கொக்கு ஒத்தக் கால்ல நின்னு இழுக்கும்.

அந்த ஆறு கடல்ல சேருற எடத்துல, வருசாவருசம் அலை மணலக் கொண்டாந்து கொட்டி வழிய அடச்சுப்புடும். அந்த மணல் மேட்ட வெட்டி ஆத்தையும் கடலையும் சேத்துவிடுறதத்தான் பொழி வெட்டுறதுன்னு சொல்லுவாவ. அது மாசானம் குடும்பத்து வேலை. அவன் மம்பட்டிய எடுக்காம வேற யாரும் அங்க ஒரு கை மண்ணு அள்ள மாட்டாவ.

மழை ஓஞ்ச ஒரு காலைல, சினை மடவை ஒண்ணு வயித்தத் தூக்கமாட்டாமத் தூக்கிக்கிட்டு கரைக்கு வந்துச்சு.

"அண்ணே, பொழிய வெட்டுண்ணே. முட்டை விட நாங்க கடலுக்குப் போவணும்."

மாசானம் தலையச் சொறிஞ்சான். போன தடவ கடல்லருந்து திரும்பி வந்த குஞ்சுல பாதி பக்கத்து ஊரு ஆத்துக்குள்ள போயிருச்சு. இங்கயே பெத்துக்கிட்டா அம்புட்டும் நம்ம வலைக்குத்தான?

"எதுக்குத் தங்கச்சி அலையுத? இங்கயே பெத்துக்கோ. அண்ணன் பாத்துக்கிட மாட்டனா?"

"இந்தத் தண்ணில உப்புக் காணாதுண்ணே. முட்டை மிதக்காம சேத்துல விழுந்து அவிஞ்சிரும்."

"உப்புத்தான? அத மொதல்ல சொல்லணும்லா!"

ஓடுனான் உப்பளத்துக்கு. பெட்டி பெட்டியா தலைச்சுமையா கொண்டாந்து ஆத்துல கொட்டுனான். ஆத்துத் தண்ணிய ஒரு கை அள்ளி வாயில விட்டு, ரசத்துக்குப் பதம் பாக்குற மாதிரி சப்புக் கொட்டி, "இன்னும் கொஞ்சம் வேணுமோ?"ன்னான். கொக்கு சிரிச்ச சிரிப்புல அலகுல இருந்த கெண்டை நழுவி ஓடிப்போச்சு.

அவன் பொண்டாட்டி வேலம்மைக்குச் சிரிப்பு வரல. அவளும் வாயும் வயிறுமா நிக்கா. மறுநாளு தாய் வீட்டுக்குக் கிளம்பணும்.

"எனக்கு வண்டி கட்டி எங்கம்மா வீட்டுக்கு அனுப்புறீரு. அதுக்கு மட்டும் வாசல அடச்சு வைக்கீராக்கும்?"

"ஏட்டி, அது மீனு."

"பிள்ளத்தாச்சி."

காலைல மடவைகிட்ட போயி, "மதினியக் கொண்டு விட்டுட்டு வந்ததும் வெட்டுறேன்"னான்.

"சத்தியமாண்ணே?"

"அண்ணன் சொல்லு மாறாது தங்கச்சி."

சொல்லிட்டு, அது உள்ள முங்குனதும், மேட்டு மேல இன்னும் நாலு கூடை மண்ணத் தட்டி ஒசத்திட்டுத்தான் வண்டியில ஏறுனான்.

மாமியா வீட்டுல கோழி, ஆப்பம், வெத்தல. ஒரு வாரம் மெத்தையில புரண்டான். வாய் நெறைய வெத்தலையோட பாடிக்கிட்டே திரும்பி வந்தவன் மேட்டுல ஏறுனான். பாட்டு நின்னுபோச்சு.

மேடு பூரா மடவை. தாண்டிரலாம்னு துள்ளி, தாண்ட முடியாம மணல்ல விழுந்து கெடக்கு. வயிறு வெடிச்சு, சினை மஞ்சமஞ்சளா சிதறி, வெயில்ல காஞ்சுபோயி கெடக்கு. கால் வைக்க எடமில்ல. வச்ச காலுல ஒட்டுது. நடுவுல கொக்கு நிக்குது. அம்புட்டு மீனு கெடக்கு, ஒண்ணையும் கொத்தல. சும்மா நிக்குது.

"என்னவே இது?"

கொக்கு மூஞ்சியத் திருப்பிக்கிடுச்சு.

தங்கச்சி மடவை மேட்டு உச்சியில, அவன் புதுசா ஒசத்துன மண்ணு மேல கெடந்துச்சு. இன்னும் ஒரு சாண் போயிருந்தா கடல் பக்கம் உருண்டிருக்கும். செவுள் மட்டும் அசையுது.

"ஏ தங்கச்சி! என்னைய ஏசு! நாலு வார்த்த ஏசிரு!"

வாய் தொறந்துச்சு, மூடுச்சு. சத்தம் வரல. கண்ணு அவனையே பாத்துச்சு. பொறவு அதுவும் பாக்கல.

மம்பட்டி வீட்டுல கெடக்கு. அத எடுக்கக்கூடப் போவாம கையாலயே மண்ணப் பறிச்சான். நகம் பிஞ்சு ரத்தம் வந்துச்சு. ஊரு சனமும் ஓடிவந்து பறிச்சுது. ஒரு விரல் அகலத்துக்கு ஓடுன தண்ணி, மேட்டையே இடிச்சுக்கிட்டுப் பாஞ்சுது. மிச்சமிருந்த மடவை எல்லாம் அவன் கால உரசிக்கிட்டுக் கடலுக்குள்ள போச்சு. எப்பவும் போவையில "வாறோம்ணே, மதினியக் கேட்டதாச் சொல்லு"ன்னு ஒரே இரைச்சலா இருக்கும்.

"யாராவது ஒருத்தி 'வாறேன்'னு சொல்லிட்டுப் போங்கம்மா!"

தண்ணிச் சத்தம்தான் கேட்டுச்சு.

பனிக்காலத்துல குஞ்சுக வந்துச்சு, கொஞ்சமே கொஞ்சம். "வாங்க மருமக்கா"ன்னு இடுப்பளவு தண்ணில நின்னு கூப்பிட்டான். அதுகளும் வாயத் தொறக்கல. அவனச் சுத்திப் போயிருச்சு.

அன்னைக்கிருந்துதான் நண்டும் கொக்கும் மனுசங்கிட்ட பேசுறதில்ல, மடவை மனுசங்கிட்ட எதுவும் கேக்குறதில்ல. பொழி தொறந்திருக்கா, கடல் தெரியுதான்னு தானே துள்ளித் துள்ளிப் பாத்துக்கிடுது.